பயிற்சித் தாளில் இல்லாத வரி

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே
அறுநூற்றுப் பதினோரு பேர் நாங்கள்.
எங்களுக்குப் போலீஸ் இரண்டு பேர்.
ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார்,
கணக்கு அவ்வளவுதான்.
ரெனாட்டா குசெராவை அகாடமிக்கு அனுப்பினால்
ஆர்வில் ஹாக்ஸ்டட் ஒரு வாரம் கண் மூட முடியாது.

நான் ஊர் அலுவலக எழுத்தர்.
விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வரும்.
முந்நூற்றுப் பத்து மைலுக்குப் பெட்ரோல்,
ஐந்து இரவு மோட்டல்,
ஆர்விலுக்கு மிகைநேரச் சம்பளம்.
கூட்டினால், பனி வாரும் வண்டிக்கு
இரண்டு டயர்.
மூன்று வருடம், மூன்று முறை,
'நிதி இல்லை' முத்திரையை நானே குத்தினேன்.
மை காய்ந்திருந்தது;
இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நூலகத்து இணையத்தில் பாடம் பார்த்தாள்.
"மனம் உடைந்தவரிடம் முதலில் சொல்ல வேண்டியது"
என்று ஆசிரியர் வாயெடுப்பார்,
அங்கேயே படம் நின்றுவிடும்.
வட்டம் சுற்றும்.
முதலில் என்ன சொல்ல வேண்டுமென்று
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

பிறகு நான்கு ஊர் எழுத்தர்களும்
சீட்டுப் பிடிப்பவர்களைப் போல
தொலைபேசியில் பேரம் பேசினோம்.
என் ஆள் வகுப்பில் இருக்கையில்
உன் ஆள் என் தெருவைச் சுற்றட்டும்,
மதியத்துக்கு மேல் மாற்றிக்கொள்ளலாம்.
பள்ளி உடற்பயிற்சிக் கூடம் இலவசம்.
காபி மெத்தடிஸ்ட் சபையின் பொறுப்பு.
நாங்கள் போக முடியாத வகுப்பு
எங்களிடம் வரட்டும்.

வந்தது.
மார்ச் சேற்றில் ஒரு வெள்ளை வேன்,
இழுவை வண்டி நிறைய நீலப் பாய்கள்,
ரப்பர் துப்பாக்கிகள்,
டெவன் ஆஷ்பி என்ற பயிற்சியாளர்,
கழுத்தில் ஒரு விசில்.

நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்.
தீவனக் கடை லைல் பெட்ஸ்கா கை தூக்கினார்,
கிறிஸ்துமஸ் நாடகத்தில்
ஆடு மேய்ப்பவனாகக்கூட நிற்க மறுத்தவர்.
கையில் தாள் கொடுத்தார்கள்:
பெயர் ஜான். கடன். கொட்டகை. துப்பாக்கி.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து
எழுதியிருந்ததைத் தட்டுத்தடுமாறி வாசித்தார்.
பிறகு தாளை நான்காக மடித்தார்.

"கன்றுகள் கத்துவது எனக்குக் கேட்பதில்லை இப்போது.
வாய் அசைவது தெரிகிறது.
காலையில் லாரியில் ஏறி உட்கார்ந்தால்
சாவியைத் திருப்ப
ஒரு மணி நேரம் ஆகிறது."

டெவன் கட்டைவிரலை உயர்த்தினார். பிரமாதம்!
லைலுக்குக் கன்றுகள் உண்டென்று
அவருக்கு யார் சொல்வது?
காபி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள்
கோப்பை நிரம்பியும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.
ஊர் மிகச் சிறியது.
நடிப்பதற்கு அதில் இடம் போதாது.

பத்தடி தள்ளி நில் என்பது பாடம்.
ரெனாட்டா பத்தடி தள்ளியே நின்றாள்.
பிறகு அங்கேயே, தரையில்,
சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
"அந்த ஒரு மணி நேரம்
ரேடியோ போடுவீர்களா, லைல்?"
என்று கேட்டாள்.
ஜான் என்று கூப்பிடவில்லை.

பன்னிரண்டு நிமிடம் முடிந்தது.
டெவன் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார்,
எங்கள் முகங்களைப் பார்த்தார்,
ஊதவில்லை.
மற்றவர்களை மெல்ல வெளியே அழைத்துப்போய்
வேனைக் காட்டினார்,
ஏதோ பார்க்க வேண்டிய பொருளைப் போல.

நடித்தவருக்கு இருபத்தைந்து டாலர் என்று
ஒப்பந்தத்தில் இருந்தது.
காசோலை வாங்க லைல் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை ரெனாட்டா கொண்டுபோனாள்,
கன்றுகளுக்குத் தீவனம் வைத்து முடியும்வரை
அங்கேயே இருந்தாளாம்.
அடுத்த வியாழனும் போனாள்.

பயணப் பதிவேட்டில் இருபத்திரண்டு மைல்.
நோக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.
'பயிற்சி' என்று எழுதிக்
கையொப்பமிட்டேன்.